ஆட்சேபணை எழுதினால் யாராவது படிப்பார்களா?

கேள்வி: சேலத்தை ஒட்டிய ஒரு நகராட்சியில் இருக்கிறோம். ஊர்ப் பெயர் போட வேண்டாம். முன்பக்கம் வீடு, பின்பக்கம் இரண்டு விசைத்தறி, கூலிக்குத்தான் ஓட்டுகிறோம். 2022-ல் சொத்து வரி ஏறியபோது, தறி இருப்பதைக் காட்டி வீடு முழுவதையும் வணிகக் கட்டடம் என்று எழுதிவிட்டார்கள். போய்க் கேட்டால், "ஆட்சேபணை சொல்ல நாள் கொடுத்தோமே, பேப்பரில் வந்ததே" என்கிறார்கள். எங்கள் தெருவில் யார் அந்தப் பேப்பரைப் பார்த்தார்கள்? இனிமேல் உள்ளாட்சி வரியை மாற்றப்போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டால், எங்களைப் போன்றவர்கள் எழுதிப் பயன் உண்டா? யாராவது படிப்பார்களா? எப்படி எழுத வேண்டும்? ஏற்காட்டில் என் அக்கா வீட்டில் இரண்டு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார். அங்கே கிராம ஊராட்சி. அவருக்கும் இதே முறைதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

படிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தவன் நான். நகராட்சி வருவாய்ப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தேன். மக்கள் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபணைகளைக் கட்டுப் பிரித்து, எண் போட்டு, குறிப்பு எழுதி மேலே அனுப்புவதும் என் வேலையில் ஒரு பகுதி. எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்க மாட்டார்கள். எது படிக்கப்படும், எது படிக்கப்படாது என்பதைச் சொல்கிறேன்.

2008-ல் சென்னை தவிர்த்த ஊர்களில் சொத்து வரிக்குப் பொதுச் சீராய்வு நடந்தது. அப்போது நான் இருந்த ஊரில் நானூறுக்கு மேல் மனு வந்தது. அதில் பெரும்பகுதி ஒரே அச்சு. சங்கத்துக்காரர்கள் அடித்துக் கொடுத்த தாள், கையெழுத்து மட்டும் வேறு. "அநியாய வரி உயர்வை முற்றிலும் ரத்து செய்ய வேண்டும்." அத்தனையையும் சேர்த்துக் கட்டி, கோப்பில் ஒரே வரி எழுதினோம்: உயர்வைக் கைவிடக் கோரிய மனுக்கள், பரிசீலிக்கப்பட்டன, ஏற்க இயலவில்லை. அந்த வரியை எழுதியவன் நான்தான். அந்த மனுக்களில் நாங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி எதுவும் இல்லை. வலி இருந்தது, கேள்வி இல்லை.

அதே கட்டில் பள்ளிக்கூட நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. பென்சிலால் ஒரு தெருவை வரைந்திருந்தார்கள். தெருமுனையில் கடைகள், நடுவில் பிள்ளையார் கோயில், அதற்கு அப்பால் வெறும் வீடுகள். கோயில் வரைக்கும்தான் கடைவீதி, அதைத் தாண்டினால் சைக்கிள் போகும் சந்து, சாக்கடை கூடக் கட்டவில்லை, ஆனால் பட்டியலில் தெரு முழுவதற்கும் சதுர அடிக்கு ஒரே மதிப்புப் போட்டிருக்கிறீர்கள், இது ஏன் என்று கேட்டிருந்தார்கள். கீழே 17 வீட்டுக்காரர்களின் கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே வரி விதிப்பு எண். ஆணையர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏற்க இயலவில்லை" என்று எழுதினால் ஏன் என்று காரணமும் எழுத வேண்டும், காரணம் எங்களிடம் இல்லை. மறுநாள் காலையில் என்னையும் இன்னொருவரையும் டேப்போடு அனுப்பினார். கோயிலோடு தெருவை இரண்டாகப் பிரித்து, அந்தப் பக்கத்துக்குக் குறைந்த மதிப்புப் போட்டோம்.

ஆகவே, அதிகாரி பதில் சொல்லாமல் தாண்ட முடியாத ஒன்றை எழுதுங்கள். அதற்கு முதலில், கருத்துக் கேட்கும்போது எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

உள்ளாட்சிக்கு வரி போடும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம்தான் கொடுக்கிறது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் அப்படித்தான் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1998-ல் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் என்று ஒன்று இயற்றினார்கள். அது பல வருடம் நிறுத்திவைக்கப்பட்டிருந்து, 2023 ஏப்ரலில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. சேலம் மாநகராட்சியானாலும், தாரமங்கலம், எடப்பாடி போன்ற நகராட்சியானாலும், பேரூராட்சியானாலும் இந்த ஒரே சட்டம்தான். 2022-ல் நடந்ததைப் பாருங்கள். 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25% உயர்வு, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் 100%, வணிகக் கட்டடத்துக்கு 100%, தொழிற்சாலைக்கு 75% என்று சென்னை தவிர்த்த ஊர்களுக்கு அரசாணை வந்தது. மன்றங்கள் தீர்மானம் போட்டன. அந்தச் சதவீதத்தை உங்கள் நகர்மன்றம் நினைத்தாலும் பாதியாக்கியிருக்க முடியாது. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை மாநிலம் அறிவிக்க வேண்டும், மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் கூட வேண்டும், அப்போதுதான் நகரங்களுக்கு மானியம் என்று நிபந்தனை வைத்திருந்தது.

"ஏற்றாதே" என்று மட்டும் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 ஜூலையில் வரியை ஏற்றினார்கள், எதிர்ப்பு எழுந்தது, 2019 நவம்பரில் நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். எல்லோரும் நிம்மதியடைந்தோம். ஆனால் 2008-லிருந்து சேர்ந்து வந்தது 2022-ல் ஒரே மூட்டையாக இறங்கியது. வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் கூலித்தறிக்காரர் சமாளித்திருப்பார். 14 வருடம் தள்ளிப்போட்டதில் அதிகம் அடிபட்டவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான் என்பது என் கருத்து. 2024-ல் பல ஊர்களில் 6% ஏறியபோதும் இதே பேச்சு எழுந்தது. எனக்கு அந்த 6% பெரிதாகத் தெரியவில்லை. எந்தத் தொகையின் மேல் அந்த 6% ஏறுகிறது என்பதுதான் கவலை. அடித்தொகை தப்பாக இருந்தால் வருடா வருடம் தப்பின் மேல் தப்பாக ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே நீங்கள் பேச வேண்டியது உங்கள் தெருவுக்கு என்ன மதிப்பு, உங்கள் கட்டடம் எந்தப் பயன்பாட்டு வகை, அதன் அளவு என்ன என்ற மூன்றைப் பற்றித்தான். இவை உள்ளூரில் எழுதப்படுகிறவை, உள்ளூரில் திருத்தக்கூடியவை.

உங்கள் வீட்டை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். அளவு எனக்குத் தெரியாது, வைத்துக்கொள்வோம். முன்பக்கம் வீடு 22 அடிக்கு 26 அடி, அதாவது 572 சதுர அடி. பின்பக்கம் தறிப்பட்டறை 22 அடிக்கு 14 அடி, 308 சதுர அடி. மொத்தம் 880. 2022-க்கு முன் அரையாண்டுக்கு ₹600 கட்டினீர்கள் என்று வைப்போம். எல்லாமே வணிகம் என்று எழுதினால் 100% கூடி ₹1,200. எல்லாமே வீடு என்றால் 601-க்கு மேல் போய்விடுவதால் 50% கூடி ₹900. வீட்டைத் தனியாகவும் தறியைத் தனியாகவும் பிரித்தால், 572 சதுர அடியின் பங்கு ₹390, அதற்கு 25%. தறியின் பங்கு ₹210, அதைத் தொழில் என்று எடுத்தால் 75%. கூட்டினால் ₹855. இரண்டு தறியில் கூலிக்கு ஓட்டுகிற வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ₹345 வித்தியாசம். பாவு, அதாவது தறியில் ஏற்றும் நூல், தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை தறி நிற்கிற மாதங்களில் அது எவ்வளவு பெரிய பணம் என்று எனக்குத் தெரியும், என் மாமனார் வீட்டிலும் தறி ஓடியது. வகை மாறினால் அடிப்படை மதிப்பும் மாறும், அதை நான் இங்கே சேர்க்கவில்லை. சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். இதன் மேல்தான் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் வருகிறது.

இப்போது உங்களுக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தோற்கிறார்கள்.

ஒன்று, உங்கள் ஒரு வீட்டுக்கான சீராய்வு மனு. இதற்குக் கருத்துக் கேட்பு எதுவும் வரவேண்டியதில்லை. இன்றைக்கே ஆணையர் பெயருக்கு எழுதலாம். இப்படி எழுதுங்கள்: "வரி விதிப்பு எண் இன்னது. முன்பகுதி 572 சதுர அடி, குடியிருப்பு. பின்பகுதி 308 சதுர அடி, விசைத்தறி இரண்டு. இரண்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு உள்ளது, எண்கள் இவை. பதிவேட்டில் 880 சதுர அடியும் வணிகம் என்று உள்ளது. நேரில் அளந்து, பகுதி பகுதியாக மதிப்பிட்டு உத்தரவிடக் கோருகிறேன்." இவ்வளவு போதும். நாட்டின் பொருளாதாரம், ஜவுளித் தொழிலின் நிலைமை எல்லாம் இந்தத் தாளில் வேண்டாம். இரண்டு மின் கட்டண ரசீதின் நகலை மட்டும் பின்னால் சேருங்கள். ஒரே இணைப்பில் வீடும் தறியும் ஓடினால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆய்வுக்கு வரும்போது தெரிந்தால் மீதி எழுதியதையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது கதவு, விதியை மாற்றும்போது கேட்கும் கருத்து. இங்கே உங்கள் வீட்டுக் கதையை மட்டும் சொன்னால் "தனிப்பட்ட கோரிக்கை" என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்கள் வீட்டில் தொடங்கி விதிக்குப் போக வேண்டும். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, ஜலகண்டபுரம், தாரமங்கலம் என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் வீட்டோடு தறி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வீட்டுத் திண்ணையிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. வீடு, கடை, தொழிற்சாலை என்று வகை பிரித்தவர்களின் கண்ணில் இந்தக் கட்டடங்கள் பட்டிருக்காது. பகலில் தறி ஓடுகிற அதே இடத்தில் இரவில் பாயை விரித்துப் படுக்கிறார்கள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பில் கலெக்டர் தனக்குத் தோன்றியதை எழுதுகிறார். அவரைத் திட்டிப் பயனில்லை. படிவத்தில் கட்டம் இல்லை.

இங்கே உங்களுக்குக் கையில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. மின்வாரியம் விசைத்தறிக்கென்றே 3ஏ2 என்று தனிக் கட்டண வகை வைத்திருக்கிறது. 2023-ல் விசைத்தறிக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாகவும், கைத்தறிக்கு 200-லிருந்து 300 ஆகவும் அரசு உயர்த்தியது. ஒரே அரசின் ஒரு கை, இது சிறு தொழில், தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறது. இன்னொரு கை அதே அறையை ஜவுளிக்கடையோடு சேர்த்து எழுதலாமா? "பயன்பாட்டு வகைகளில் 'வீட்டோடு சேர்ந்த தறி மற்றும் கைத்தொழில் பகுதி' என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். 3ஏ2 மின் இணைப்பு அட்டையையே அதற்கு ஆதாரமாக ஏற்க வேண்டும்" என்று எழுதுங்கள். இதற்குப் புது ஆய்வு, புதுச் செலவு எதுவும் வேண்டாம், பட்டியல் மின்வாரியத்திடம் தயாராக இருக்கிறது. அதிகாரிக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கிற யோசனைக்குக் கோப்பில் நல்ல இடம் கிடைக்கும், இது என் அனுபவம்.

சதவீத அடுக்கைப் பற்றியும் ஒரு பத்தி சேருங்கள். 600 சதுர அடிக்கு 25%, 601-க்கு 50% என்றால், ஒரு அடி கூடியதற்காக மொத்தத் தொகைக்கும் 50% விழுகிறது. வருமான வரியில் அப்படியில்லை, மேலே போன பகுதிக்கு மட்டும்தான் மேல் விகிதம். இதையும் அப்படி வையுங்கள் என்று கேளுங்கள். கட்டட அளவு வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை எடுப்பது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால், சுவரை யார் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதிலேயே பத்துப் பன்னிரண்டு சதுர அடி அப்படியும் இப்படியும் போகும். 594 இருந்த வீடு 606 ஆனதை நானே பார்த்திருக்கிறேன்.

பேப்பரில் வந்ததே என்று சொன்னார்கள் என்றீர்களே, அதில் எனக்குக் கோபம் உண்டு. வழக்கமாகத் தீர்மானத்தை நாளிதழில் விளம்பரம் செய்து 30 நாள் விடுவார்கள். சட்டப்படி சரி. ஆனால் பொடி எழுத்தில் மூன்று பத்தி விளம்பரம் தறிக்காரர் கண்ணில் எப்படிப் படும்? நூல் கடைச் சுவரிலும், ரேஷன் கடையிலும், நூலுக்குக் கஞ்சி போடும் கஞ்சித்தொட்டிப் பட்டறையிலும் ஒட்டினால் ஒரே நாளில் ஊருக்கே தெரிந்துவிடும். இதையும் கருத்தாக எழுதுங்கள். எந்தெந்தத் தெரு எந்த மதிப்பு மண்டலத்தில் வருகிறது என்ற பட்டியலைத் தெருப் பெயரோடு தமிழில் வெளியிட்ட பிறகுதான் 30 நாள் தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். சேலத்தில் இந்த 'மண்டலம்' என்ற சொல்லே குழப்பம். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்பவை நிர்வாக மண்டலங்கள். வரிக்கான ஏ, பி, சி மண்டலம் வேறு. நான் அம்மாபேட்டை மண்டலம்தானே என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

அதுவரை காத்திருக்காமல் நீங்களே அந்தப் பட்டியலை வாங்கிவிடலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ₹10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் தெருவின் வரி மண்டலம், ஒரு சதுர அடிக்கான மதிப்பு, உங்கள் வீட்டின் மதிப்பீட்டுத் தாள் நகல் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் தெருவில் ஐந்து பேர் ஆளுக்கொரு வீட்டுத் தாளை வாங்கி ஒரே மேஜையில் வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு வீட்டுக்கு இரண்டு வகையாக எழுதியிருந்தால், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பிறகு எழுதுகிற கருத்தில் அந்த ஐந்து பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரே வாசகத்தை ஐந்து தாளில் கொடுக்க வேண்டாம். ஒரு தாளில் ஐந்து வீட்டின் எண்ணும் அளவும் இருக்கட்டும்.

கொடுக்கிற இடமும் முக்கியம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது சுற்றிக்கொண்டு உங்கள் நகராட்சிக்கே வரும், அதற்குள் நாள் முடிந்திருக்கும். விளம்பரத்தில் யார் பெயர் போட்டிருக்கிறதோ அவருக்கே, அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். ஒரு நகல் வார்டு கவுன்சிலருக்கு. மன்றக் கூட்டத்தில் அந்தப் பொருள் வரும்போது அவர் எழுந்து, எங்கள் வார்டிலிருந்து வந்த இந்த ஆட்சேபணைக்கு என்ன பதில் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அது கூட்ட நடவடிக்கையில் பதிவாகிவிடும். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களும் நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கே போனால் சாக்கடை, தெருவிளக்கு என்றுதான் பேச்சு ஓடும். வரி வகையைப் பற்றியும் பேசி எழுத வையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். மாதம் 1% வட்டி ஏறும். "ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள், ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5% ஊக்கத்தொகை கிடைக்கும், உச்சவரம்பு ₹5,000. பாக்கி இல்லாதவரின் மனுவுக்கு அலுவலகத்தில் மரியாதை வேறு. சரியோ தப்போ, அதுதான் நடைமுறை.

அக்காவின் விஷயம் வேறு. கிராம ஊராட்சியில் வீட்டு வரி ஊராட்சிகள் சட்டப்படி வருவது. நகர்ப்புறச் சட்டம் அங்கே செல்லாது. கூரையா, ஓடா, காங்கிரீட்டா என்று பார்த்து, சதுர அடிக் கணக்கில் போடுவார்கள். அவருக்குக் கருத்துச் சொல்லும் இடம் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சேலம் மாவட்ட ஊராட்சிகளில் 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லையென்றாலும் கிராம சபையில் பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். அறையை வாடகைக்கு விடுவதை அக்கா மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கோடை விழா மாதத்தில் மலை மேலே தண்ணீரும் குப்பையும் என்ன பாடு படுத்துகின்றன என்று அவருக்கே தெரியும். அந்தச் செலவில் ஒரு பங்கு விருந்தினர் அறைகளிலிருந்து வருவது நியாயம்தான். இரண்டு அறை விடுகிற வீட்டுக்கும் நாற்பது அறை உள்ள விடுதிக்கும் ஒரே அளவுகோல் வைக்காதீர்கள் என்று மட்டும் அவர் கேட்கலாம், அது ஊராட்சி பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

உங்களிடம் திரும்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது டேப்பை எடுங்கள். ஒரு முனையைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், நாளைக்குச் சாட்சியும் ஆவார். வெளிச்சுவரைச் சுற்றி அளந்து, நோட்டுத் தாளில் வீட்டைப் பெட்டியாக வரைந்து, தறி இரண்டும் நிற்கும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டுங்கள். பொதுச்சுவர் எது என்று எழுதுங்கள். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை இருந்தால் அதையும் விடாதீர்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பி வையுங்கள், மனுவைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.